கண்ணை மூடச் சொல்லாத யோகா வகுப்பு

யோகா என்றாலே எனக்கு அதட்டல்தான் ஞாபகம் வரும். மூச்சைப் பிடி, விடாதே, இன்னும் குனி! சொல்லாமல் கொள்ளாமல் இடுப்பில் வந்து விழும் ஒரு கை வேறு. சும்மாவே படபடவென்று அடித்துக்கொள்ளும் நெஞ்சுக்கு அது வைத்தியமா, தண்டனையா?

பாகூர்ப் பக்கம் இப்போது நான் போகும் வகுப்பில் டீச்சர் முதலில் சொன்னது இதுதான்: “அக்கா, கண்ணை மூடணும்னு இல்ல. வாசலைப் பார்த்த மாதிரி உட்காருங்க. வேணாம்னு தோணுச்சுன்னா செய்யாதீங்க, எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க.” அந்த நிமிஷமே அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது! (கேட்காமல் யாரும் யாரையும் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் அடக்கிக்கொண்டேன்.)

எங்கள் பாகூர் கொம்யூனில் இப்படி ஒரு வகுப்புக்குத் தேவை எவ்வளவு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 2004இல் சுனாமி. 2011இல் தானே புயல். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டியது; பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்க் கிராமங்களுக்குள் புகுந்தது. இன்றும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும் பெண்கள் எங்கள் வகுப்பில் உண்டு. அவர்களை இருட்டில் சவாசனத்தில் படுக்கப் போட்டால் எப்படி ஓய்வு வரும்? டீச்சர் விளக்கை அணைப்பதே இல்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண் திறந்தபடியே சவாசனம். அடடா, அப்படி ஒரு சுகம்!

மூச்சைப் பிடிக்கவும் சொல்வதில்லை. பிடித்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். பயந்த உடம்புக்கு அது மூச்சு முட்டுவது போலவே இருக்கும், படபடப்பு இன்னும் கூடும். அதற்குப் பதில் சந்திர நாடி: இடது நாசியில் மட்டும் மெதுவாக இழுத்து, மெதுவாக விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ரத்த அழுத்தம் உள்ள 22 பேரை இதை ஐந்தே நிமிடம் செய்யவைத்துப் பார்த்ததில் இதயத் துடிப்பும் மேல் அழுத்தமும் இறங்கின என்று 2012இல் மருத்துவர் ஆனந்த பாலயோகி பவனானி குழுவினர் எழுதியிருக்கிறார்கள். அவருடைய யோகா சிகிச்சை மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? இதோ, பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில்! அவர் தந்தை சுவாமி கீதானந்தரும் மருத்துவரே. 1968இல் புதுச்சேரியில் ஆனந்த ஆசிரமத்தைத் தொடங்கியவர். கையிலேயே வெண்ணெயை வைத்துக்கொண்டு நான் சென்னைக்கு அலைந்திருக்கிறேன்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று சிரிப்பவர்களுக்காக இரண்டு செய்தி. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரை வைத்து நடந்த ஆய்வில் மூச்சுப் பயிற்சி பெற்றவர்களுக்கு அதிர்ச்சியின் பாதிப்பு நன்றாகவே குறைந்தது. பாஸ்டனில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழு, எந்தச் சிகிச்சைக்கும் மசியாத அதிர்ச்சி நோய் உள்ள 64 பெண்களிடம் பத்து வார வகுப்பைச் சோதித்து 2014இல் வெளியிட்டது. யோகா செய்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த நோய்க்கான அறிகுறிகள் வரம்புக்குக் கீழே போய்விட்டன. தொடாமல், கட்டளையிடாமல், விருப்பத்துக்கு விட்டு நடத்திய வகுப்பு அது. எங்கள் டீச்சர் செய்வதும் அதேதானே! மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அதை அவர் வாரம் தவறாமல் சொல்வார்.

ஒரே குறை, ஆண்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபெஞ்சல் வெள்ளத்தில் அவர்கள் மட்டும் நீச்சலடித்து விளையாடினார்களா என்ன?

வில்லியனூரில் இருக்கும் என் தங்கை இப்போது நச்சரிக்கிறாள், அங்கேயும் ஒன்று வேண்டுமாம். சங்கராபரணி ஆறு கரை புரண்டதைப் பார்த்தவள் அவள். டீச்சரும் சரி என்றுவிட்டார். கோயிலுக்குப் பக்கத்தில் நல்ல ஹால் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒட்டினாற்போல மைக் செட் கடை இருப்பதுதான் தலைவலி. திடீரென்று “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று அலறினால் எல்லாரும் துள்ளி விழுவோம். வேறு இடம் தேடுகிறோம்.