எந்தப் பொய்யை?

படூரில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகையில் அரபி வாசகமொன்றைத் தமிழாக்கி, “பொய்யைச் சொல்லாதே” என்று பலகையில் எழுதினேன். “எந்தப் பொய்யை, ஹஜ்ரத்?” என்று ஒரு சிறுவன் வினவினான். பிழை என்னுடையதே. ‘பொய் சொல்லாதே’ என்றால் எல்லாப் பொய்யும் விலக்கப்படும்; ‘ஐ’ சேர்ந்ததும் அறிவுரை ஏதோ ஒரு பொய்யளவில் சுருங்கிவிட்டது.

அரபியில் வினை நேரே கொள்ளும் செயப்படுபொருள் எதுவாயினும் நஸ்பு பெறும். அவ்விதியில் ஊறிய நாம், ஒவ்வொரு நஸ்புக்கும் ஓர் ‘ஐ’ வைத்துவிடுகிறோம். ‘நோன்பு நோற்றார்’ என்பது ‘நோன்பை நோற்றார்’ ஆகிறது. நம் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் காணும் குறை இது.

அப்படியாயின் ‘ஐ’யை எங்கும் விட்டுவிடலாமோ? ஆகாது. ‘பொய் வெறுத்தான்’ என்று உரைநடையில் எவரும் எழுதார். ‘பொய்யை வெறுத்தான்’ என்பதே வழக்கு. பெயர் ஒன்றே, வினை மாறியதும் உருபு வேண்டப்படுகிறது. கோவளத்தில் மீன் பிடிக்கிறார்கள். ஆனால் மீனை விரும்புகிறார்கள். வீடு கட்டினான், ஆனால் வீட்டை இடித்தான். ஆக்கும் வினைக்கு முன் பொருள் இல்லை; அழிக்கும் வினைக்கோ அது முன்பே இருந்தாக வேண்டும். பவணந்தியார் நன்னூலில் இரண்டாம் வேற்றுமையின் பொருளை ஆக்கல், அழித்தல் என வினை வழியே வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்கும்.

உயர்திணைப் பெயரில் ‘ஐ’ மறையாது வரும் என்பது தொல்காப்பியர் விதி. ஆயினும் பெண் பார்க்கிறோம், ஆள் தேடுகிறோம், பிள்ளை பெறுகிறோம். இவை இன்னாரென்று குறியாத வினைகள். ‘பிள்ளை அடித்தாள்’ என்றாலோ அடித்தவளே பிள்ளையாகிவிடுவாள்!

அந்தலுஸ் மண்ணில் இன்று வழங்கும் ஸ்பானிய மொழியிலும் இந்நுட்பம் உண்டு. அங்கே மனிதரைக் குறிக்கும் செயப்படுபொருளின் முன் ‘ஆ’ என்னும் இடைச்சொல் வரும். ‘கெரெர்’ என்னும் வினை ‘ஆ’ இன்றி வந்தால், ஒரு மருத்துவர் வேண்டும் என்பது பொருள்; ‘ஆ’வுடன் வந்தால், மருத்துவரை நேசிக்கிறேன் என்பதே பெரும்பாலும் பொருள். பிள்ளைகள் உண்டு என்னும்போது, மனிதரேயாயினும், ‘ஆ’ பொதுவாக வருவதில்லை. நம் ‘பிள்ளை பெற்றாள்’ போன்றதே அது.

ஆகவே மொழிபெயர்ப்போர் நஸ்பை மட்டும் எண்ணாது, தமிழ் வினையின் பொருளையும் கேட்டு எழுதவேண்டும். மறுநாள் பலகையில் திருத்தி எழுதினேன்: “பொய் சொல்லாதே, பொய்யை வெறு.” அச்சிறுவன் அதன்பின் கேள்வி கேட்கவில்லை.