துரு எங்கே பிடிக்க வேண்டும்?

ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ லாரியை 1/35 அளவில் கட்டினால் அது ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக மேசையில் நிற்கும். 1941 முதல் 1945 வரை அமெரிக்கா ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரித்துத் தள்ளிய இரண்டரை டன் ராணுவ லாரி அது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, ஆலிவ் டிராப் நிறம் அடித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. புத்தம்புதிதாக மின்னும் அந்த வண்டிக்குத் தூசி, சேறு, எண்ணெய்க் கறை, துரு எல்லாம் ஏற்றிப் பழசாக்க வேண்டும். வெதரிங் எனப்படும் இந்தக் கட்டத்துக்குத்தான் மாடல் கட்டுவோர் மத்தியில் கைதட்டல் அதிகம். சொதப்பலும் இங்கேதான் அதிகம்.

இதன் தேவையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய வண்டியில் கதவிடுக்கின் நிழல் தானாக விழாது. ஒரே நிறம் அடித்த பிளாஸ்டிக் பொம்மையாகவே தெரியும். பெல்ஜியக் கலைஞர் பிரான்சுவா வெர்லிண்டன் போன்றோர் பரப்பிய முறை இதற்கு விடை தந்தது. நீர்க்கக் கரைத்த கருநிறத்தை இடுக்குகளில் ஓடவிடுவது வாஷ். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளில் வெளிர்நிறம் தடவுவது டிரை பிரஷ். பின்னால் வந்த ஹேர்ஸ்ப்ரே உத்தி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. துருநிறத்தின் மேல் ஹேர்ஸ்ப்ரே, அதன் மேல் வண்டியின் நிறம். பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு நிஜமாகவே உரிந்து வரும். கை வரையும் கீறலில் ஒரு ஒழுங்கு வந்துவிடும். இந்த உரிவில் அது இருக்காது.

இதைவிடப் பெரிய பயன், பார்வை கூர்மையாவது. ஓட்டுநரின் பூட்ஸ் எந்தப் படியில் உரசும், டீசல் அல்ல பெட்ரோல் வண்டியான இதில் எரிபொருள் எங்கே சிந்தும், மழைநீர் எந்த மடிப்பில் தேங்கும் என்று யோசிக்காமல் நல்ல வெதரிங் செய்ய முடியாது. உற்பத்தி வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். எஃகை மிச்சம் பிடிப்பதற்காக இந்த லாரிகளில் பலவற்றுக்குச் சரக்குத் தொட்டி மரத்தில் செய்யப்பட்டது. மரப்பலகை சிராய்க்கும், வெயிலில் சாம்பல் நிறமாக வெளுக்கும், துருப்பிடிக்காது. மரத்தொட்டியில் துரு வடியவிட்ட மாடல்கள் போட்டி மேசைகளில் இடம்பெறுவது, உத்தி அறிவை முந்தியதற்கு அடையாளம்.

ஆனால் இந்த உத்திகளைக் கையாளும் விதத்தில் குறைகளும் உண்டு. முதல் குறை அளவு சார்ந்தது. பெயிண்ட் பெயர்ந்ததைக் காட்ட மாடலில் வைக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளி என்றால் நிஜ வண்டியில் ஏறக்குறைய 17.5 மில்லிமீட்டர் பெயர்வு. இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஏழு சென்டிமீட்டர். கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போயிருக்கிறது என்று பொருள். வண்டியின் மட்கார்டு முழுக்க இப்படிப் புள்ளி வைத்தால் அது உழைத்த லாரியாகத் தெரியாது, அம்மை போட்ட லாரியாகத்தான் தெரியும். ஹேர்ஸ்ப்ரேயும் இதற்கு விலக்கல்ல. உரியும் செதிலின் அளவைப் பூச்சின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. 1/35 என்ற கணக்கு அதற்குத் தெரியாது.

இரண்டாவது குறை காலம் சார்ந்தது. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் படைகளுக்குச் சரக்கு கொண்டுசென்ற ரெட் பால் எக்ஸ்பிரஸ் லாரி அணி, இந்த லாரியின் புகழ்பெற்ற அத்தியாயம். உச்சநாளில் ஏறக்குறைய 6,000 வண்டிகள் 12,000 டன்னுக்கும் மேல் சுமந்தன. இனப்பாகுபாடு நிலவிய ராணுவத்தில் அந்த ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இரவும் பகலும் ஓடிய அந்த வண்டிகளுக்குப் போதிய பராமரிப்பு கிடைக்கவில்லை. ஆனால் சில மாதங்களில் எஃகுத் தகடு ஓட்டை விழுமளவு அரிக்காது. கோடையின் தூசி, இலையுதிர்காலச் சேறு, கிரீஸ், தேய்ந்த டயர், நசுங்கிய பம்பர் ஆகியவைதான் அந்தக் காலத்தின் தடயங்கள். வயலில் பல பத்தாண்டுகளாகக் கைவிடப்பட்ட லாரியின் படத்தைப் பார்த்துத் துரு ஏற்றி, முன்னால் 1944ஆம் ஆண்டு வீரனை நிறுத்தினால் இரண்டு காலங்கள் ஒன்றையொன்று பொய்யாக்கும். கைவிடப்பட்ட லாரியையே கட்டுவதில் தவறில்லை. அப்போது வெடித்த டயரும் உடைந்த கண்ணாடியும் சேசிஸ் வழியே முளைத்த புல்லும் வேண்டும். வீரன் போய்விட வேண்டும்.

மூன்றாவது குறையை அதிகம் பேர் பேசுவதில்லை. வெதரிங் பூச்சோடு தொடங்கும் வேலை என்றே நினைக்கிறோம். இந்த லாரிகள் தமக்குக் குறித்த சுமையளவைப்போல் இருமடங்கு வரை சுமந்து ஓடின. சுமை ஏறினால் பின்சக்கர ஸ்பிரிங் வில் தட்டையாகும், டயர் தரையோடு சேருமிடத்தில் பிதுங்கும். இடிபட்டால் மட்கார்டு வளையும். இவற்றைப் பூச்சால் செய்ய முடியாது. ஒட்டுவதற்கு முன்பே பிளாஸ்டிக்கின் உட்புறத்தைச் சுரண்டி மெலிதாக்கி நசுக்க வேண்டும். வில்லை அறுத்துத் தாழ்த்த வேண்டும். தொட்டி நிறைய ஜெரிகேன் அடுக்கியும் நிமிர்ந்தே நிற்கும் லாரியில் எத்தனை நிறத்தில் துரு பூசினாலும் பாரம் தெரியாது.

உத்திகள் புட்டியில் அடைத்து விற்கப்படும் இக்காலத்தில் துரு வடிவதும் சேறு தெறிப்பதும் எல்லா மாடலிலும் ஒரே சாயலில் வருகின்றன. நிஜ லாரியைப் பார்க்காமல் இன்னொருவரின் மாடலைப் பார்த்துச் செய்வதால் வந்த வினை இது. ஒளியைத் தூரிகையால் மிகைப்படுத்துவதைக் கலைஞனின் உரிமையாக ஏற்கலாம். சிறிய பொருளுக்கு அது தேவையும்கூட. தடயத்தை மிகைப்படுத்துவதை அப்படி ஏற்க முடியாது. அந்த வண்டிக்கு என்ன நேர்ந்தது என்பதையே அது மாற்றிச் சொல்கிறது. எனவே ஒரு மாடலை எடைபோடும்போது எத்தனை உத்திகள் என்று எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு கறையையும் காட்டி, இது எப்படி வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று கேட்கலாம். பதில் இல்லாத கறை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வண்டியின் மேல் பட்ட அழுக்குதான்.