நகரை அடுத்த நாட்டுவாழ்வு: உரோம இலக்கியம் பற்றிய ஒரு திறனாய்வு

நகரத்தின் இரைச்சலை வெறுத்து நாட்டுப்புறத்தின் அமைதியை நாடும் வேட்கை, பெருநகரங்கள் தோன்றிய நாடுகளிலெல்லாம் இலக்கியப் பொருளாக அமைந்துள்ளது. இவ்வேட்கை இருவகைப்படும். நகரத்தை முற்றத் துறந்து திரும்பாது செல்லுதல் ஒன்று. நகரத்தின் தொடர்பு அறாத தொலைவில் ஒரு மனையும் சிறிது நிலமும் கொண்டு, வேண்டும்போது செல்லுதலும் வேண்டும்போது மீளுதலும் மற்றொன்று. முன்னது துறவு, பின்னதைத் துறவு என்று கூறல் இயலாது. ஆயினும் இவ்விரண்டையும் வேறுபிரிக்காது 'இயற்கைப் பாட்டு' என்னும் ஒரே பெயரால் வழங்கும் போக்கு இலக்கிய வரலாறுகளிற் காணப்படுகின்றது. பின்னதன் இயல்பு யாது, அதனை எவ்வளவைகொண்டு மதிப்பிடுதல் தகும் என்பவற்றை, அவ்வகை இலக்கியத்திற்கு ஊற்றுக்கண்ணாக விளங்கிய உரோம இலக்கியத்தைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு பெரிதும் துணைசெய்யும். நிலமும் பொழுதும் முதல்; அந்நிலத்துக்குரிய மரமும் புள்ளும் தொழிலும் பிறவும் கரு; மாந்தரின் ஒழுக்கமாகிய உள்ளப்பொருள் உரி. இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தன என்பதும், உரிப்பொருள் அல்லாத பிற மயங்குதலும் உண்டு என்பதும் அந்நூலின் கொள்கை. இவ்விலக்கணம் உரோமருக்காக வகுக்கப்பட்டதன்று. அவர்தம் பாக்களை இதற்குள் அடக்குதலும் நம் கருத்தன்று. ஒரு பாட்டில் நாட்டுப்புறத்து மரமும் ஓடையும் மிகுந்திருத்தல் மட்டும் அதனை நாட்டுப்புறப் பாட்டாக்காது, அதன் உரி யாது என வினவுதல் வேண்டும் என்னும் எச்சரிக்கையையே ஈண்டு மேற்கொள்கின்றோம்.

1. பின்னணி

அகஸ்டஸ் காலத்து உரோமில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. வழக்கும் வாணிகமும் அரசியலும் அங்கேயே நிகழ்ந்தன. ஆகவே செல்வர்க்கு நகரத்தை விட்டு நீங்குதல் இயலாததாயிற்று. நகரத்திலேயே தங்குதலும் பொறுக்கலாகாததாயிற்று. நகரையடுத்த பண்ணைமனை இவ்விரண்டு முட்டுப்பாடுகளுக்கும் இடையே தோன்றிய வழியாகும். கி.பி. முதல் நூற்றாண்டில் உழவுநூல் இயற்றிய கொலுமெல்லா, மன்றத்து அலுவல் முடிந்தபின் நாள்தோறும் சென்றுவரத்தக்க அணுமையில் பண்ணை அமைதல் நன்று என அறிவுறுத்துகின்றார். அவர் கருதியது உரிமையாளனின் கண் நிலத்தின்மேல் இருத்தல் வேண்டும் என்பதே. கவிஞரோ அதே அணுமையை உள்ளத்தின் அமைதிக்கு வாயிலாகப் போற்றினர். ஒரே பாதை ஒருவர்க்குக் கணக்குப் பார்க்கவும், மற்றொருவர்க்குக் கணக்கை மறக்கவும் பயன்பட்டது என்க.

2. வட்டித் தொழிலாளனின் வாழ்த்து

ஓரேசு (கி.மு. 65 - கி.மு. 8) இயற்றிய எபோடுகள் என்னும் தொகுதியின் இரண்டாம் பாட்டு, நாட்டுவாழ்வைப் போற்றும் பாக்களுள் ஐரோப்பாவெங்கும் பெரும்புகழ் பெற்றது. தந்தையர் நிலத்தை உழுது, கடனற்று வாழ்வானின் இன்பம் அதன்கண் விரித்துரைக்கப்படுகின்றது. 70 அடிகள் கொண்ட அப்பாட்டின் இறுதி நான்கு அடிகளிலேதான், இவ்வளவும் கூறியவன் அல்பியசு என்னும் வட்டித் தொழிலாளன் என்பது வெளியாகின்றது. நாட்டுக்குச் செல்லத் துடித்த அவன், மாத நடுவிலே கடனையெல்லாம் தண்டுகின்றான். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே அப்பணத்தை மீண்டும் வட்டிக்கு விட முயல்கின்றான்.

இவ்விறுதி நான்கடிகளை நீக்கிவிட்டு ஏனையவற்றை மட்டும் போற்றியோர் பிற்காலத்துப் பலராவர். அங்ஙனம் நீக்கின் எஞ்சுவது அழகிய வருணனையே, பாட்டு எஞ்சாது. முதலும் கருவும் 66 அடிகளில் நிரம்பிக் கிடக்க, உரி நான்கடிகளில் அமைந்துள்ளது. அவ்வுரி நாட்டுவாழ்வன்று, நாட்டுவாழ்வைப் பற்றிப் பேசுதலாற் பெறும் இன்பம். நகரத்தான் தன் நகரவாழ்வைத் தொடர்வதற்கு அவ்வின்பமே துணையாகின்றது என்பதைக் கவிஞர் நகைச்சுவை தோன்றக் காட்டியுள்ளார்.

3. ஓரேசின் சபைன் பண்ணை

பிறரை நகையாடிய ஓரேசு தம்மையும் அந்நகையினின்று விலக்கிக்கொள்ளவில்லை. விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகனாகப் பிறந்து, கி.மு. 42-இல் பிலிப்பிப் போரில் தோற்ற பக்கத்தில் நின்று, தந்தையின் உடைமையை இழந்து, அரசுக் கருவூலத்தில் எழுத்தராக அமர்ந்தவர் அவர். கி.மு. 33-ஐ ஒட்டி, அகஸ்டசின் நண்பரான மைசீனசின் கொடையாகச் சபைன் குன்றுகளில் அவருக்கு ஒரு பண்ணை கிடைத்தது. அஃது உரோமுக்கு வடகிழக்கே, இன்றைய திவோலியைக் கடந்து, லிசென்சா என்னும் ஊரின் அருகே அமைந்திருந்தது.

அங்கதப் பாக்களின் இரண்டாம் நூலில் ஆறாம் பாட்டு இப்பண்ணைக்கு நன்றி கூறுவது. பெரிதல்லாத நிலம், தோட்டம், வற்றாத ஊற்று, சிறு காடு ஆகியவற்றை மட்டுமே தாம் வேண்டியதாகக் கவிஞர் கூறுகின்றார். பின்னர் நகரத்துக் காலைப்பொழுதின் தொல்லைகளை அடுக்குகின்றார். வழியிற் கண்டோரெல்லாம் அவரை அரசியற் செய்தி கேட்டு நெருக்குகின்றனர். அவர் மைசீனசின் நண்பராயிற்றே! ஈண்டு ஒன்று நுணுகி நோக்கத்தக்கது. நகரத்தில் அவரை அலைக்கழிப்பதும் மைசீனசின் நட்பு. நகரத்தினின்று அவரை மீட்கும் பண்ணையைத் தந்ததும் அந்நட்பே. நோயும் மருந்தும் ஒரே கையினின்று வந்தன.

அப்பாட்டு நகரத்து எலி, நாட்டு எலி ஆகியவற்றின் கதையோடு முடிகின்றது. விருந்துண்ணச் சென்ற நாட்டு எலி, நாயின் குரைப்புக் கேட்டு நடுங்கி, தன் வளையே போதுமெனத் திரும்புகின்றது. கதையின் எலி மீண்டும் நகரத்துக்குச் செல்லவில்லை. கவிஞரோ மீண்டும் மீண்டும் சென்றார். ஆகவே இக்கதை அவர் வாழ்வுக்கு உவமையாகாது. அவர் வாழ இயலாத வாழ்வுக்கே உவமையாகும்.

இதனை அவரே உணர்ந்தார் என்பதற்கு அடுத்த பாட்டு சான்று பகரும். திசம்பர் மாதத்துச் சாத்தர்னாலியா விழாவில் அடிமைகள் தம் தலைவரிடம் அச்சமின்றிப் பேசும் உரிமை பெற்றிருந்தனர். அவ்வுரிமையைப் பயன்படுத்தித் தாவசு என்னும் அடிமை கவிஞரை இடித்துரைக்கின்றான்: உரோமில் இருக்கும்போது நாட்டுப்புறத்துக்கு ஏங்குகின்றீர், நாட்டுப்புறம் சென்றாலோ தொலைவிலுள்ள நகரத்தை வானளாவப் புகழ்கின்றீர் என்பது அவன் குற்றச்சாட்டு. மறுமொழி கூற இயலாத தலைவர், வாயை மூடாவிடின் அவனைச் சபைன் பண்ணைக்கு ஒன்பதாம் வேலையாளாக அனுப்பிவிடுவதாக அச்சுறுத்துகின்றார். ஆறாம் பாட்டில் வேண்டிப் பெற்ற பேறாக இருந்த அதே பண்ணை, ஏழாம் பாட்டில் தண்டனையாக மாறுகின்றது. நிலம் ஒன்றே, முதலும் கருவும் ஒன்றே. செல்வோன் மாறியதால் உரி தலைகீழாயிற்று. ஏற்கெனவே எட்டு வேலையாட்கள் அங்கு உழைத்துவந்தனர் என்னும் செய்தியும் இவ்வொரு சொல்லால் நமக்குப் புலனாகின்றது.

கி.மு. 20-ஐ ஒட்டி வெளிவந்த மடற்பாக்களின் முதல் நூலில், 14-ஆம் மடல் அப்பண்ணையின் காரியக்காரனுக்கு எழுதப்பட்டது. நகரத்தில் கடைநிலை வேலை செய்தபோது நாட்டுப்புறத்தை வேண்டிய அவன், இப்போது நகரத்து விளையாட்டுகளையும் நீராடுமிடங்களையும் விரும்புகின்றான். நெடுங்காலம் கொத்துப்படாத நிலத்தைக் கிளறுதல், மாடுகளைப் பேணுதல், மழையால் ஓடை பெருகினால் கரை கட்டுதல் ஆகியன அவன் கடமைகள். கவிஞரும் கட்டியும் கல்லும் புரட்டியதுண்டு; அதனைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்தனர். தலைவர் விரும்பிப் புரட்டும் கல் நகைப்புக்குரியதாகவும், ஆள் கடமையாகப் புரட்டும் கல் எவரும் நோக்காததாகவும் இருத்தலை அம்மடல் மறைக்கவில்லை. கவிஞர் காரியக்காரனைக் கடிந்தே எழுதுகின்றார். ஆயினும் அவன் முறையீடு முழுவதும் மடலில் இடம்பெற்றுவிடுகின்றது.

அந்நூலின் ஏழாம் மடலோ மைசீனசுக்கு எழுதப்பட்டது. ஐந்து நாளில் வருவதாகக் கூறிச் சென்ற கவிஞர் ஆகஸ்டு மாதம் முழுவதும் வரவில்லை. அதற்கு வருந்தாது, கொடை தம் உரிமைக்கு விலையாகுமெனின் அனைத்தையும் திருப்பித் தரவும் தாம் அணியமாக இருப்பதாக அவர் எழுதுகின்றார். நகரம் கூப்பிட்டால் செல்ல வேண்டிய தொலைவில் வாழ்வோன், செல்ல மறுக்கும் உரிமையைக் காத்துக்கொள்ளுதல் எளிதன்று. பண்ணையின் உண்மையான விலை அம்மறுப்பிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

4. பிளினியின் கடற்கரை மனை

ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் பின் வாழ்ந்த இளைய பிளினி, லாரெண்டம் என்னும் கடற்கரைப் பகுதியிலிருந்த தம் மனையை உரைநடை மடல் ஒன்றில் (2: 17) விளக்குகின்றார். அது நகரத்தினின்று 17 உரோம மைல், அஃதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர், தொலைவில் இருந்தது. நகரத்து அலுவலை முடித்துவிட்டு, பகற்பொழுது குறையாமல் அங்குச் சென்று தங்கலாம் என்பதே அவர் முதலிற் கூறும் சிறப்பு. வழி மணற்பாங்கானது, வண்டிக்குக் கடிது, குதிரைக்கு எளிது. கதிரவன் ஒளி எவ்வெப்பொழுதில் எவ்வெவ்வறையில் விழும் என்பது வரை அவர் விவரிக்கும் நுண்மை பாராட்டுக்குரியது.

அங்கு விளைநிலம் இல்லை. மற்றொரு மடலில் (4: 6) அவர் இதனை நயம்பட உரைக்கின்றார்: பிற இடங்களில் நிரம்பிய களஞ்சியத்தைக் காட்டலாம், இங்கு நிரம்பிய ஏட்டுப்பேழையைக் காட்டலாம், உழப்படுவது நிலமன்று, தாமே என்பது அவர் கருத்து. நாட்டுப்புறத்தை எழுதும் அறையாகக் கொள்ளும் கருத்து இத்துணைத் தெளிவாக வெளிப்படுதல் அருமை. இஃது ஒளிவற்ற கூற்று. தாம் உழவரெனப் பிளினி நடிக்கவில்லை.

ஆயினும் முதலிற் கூறிய மடலில் ஒரு செய்தி நம் கருத்தை ஈர்க்கின்றது. மனையின் ஒரு கோடியில் தமக்கெனக் கட்டிய தனிப்பகுதியைப் பிளினி எல்லாவற்றினும் மேலாக விரும்புகின்றார். சாத்தர்னாலியா நாட்களில் மனையின் ஏனைய பகுதிகள் விழா ஆரவாரத்தால் ஒலிக்கும்போது, அவ்வொலி எட்டாத அவ்விடத்தில் அவர் இனிது பயில்கின்றார். அவர்கள் மகிழ்வுக்குத் தாமும் தடையில்லை, தம் பயிற்சிக்கு அவர்களும் தடையில்லை என்கின்றார். இஃது அன்பில்லாத சொல்லன்று. எனினும், ஓரேசின் அறைக்குள் நுழைந்து தாவசு பேசியதும் அதே விழாவில் என்பதை நினைவுகூர்க. ஒருவர் அக்குரலைப் பாட்டினுள் அழைத்தார். மற்றொருவர் அக்குரல் கேளாவண்ணம் சுவர் எழுப்பினார். இரு நூல்களின் தரவேறுபாடும் இச்சுவரில் உள்ளது என்பது நம் துணிபு.

5. மார்சியலின் எதிர்க்குரல்

பிளினியின் காலத்தவரான மார்சியல், நகரையடுத்த நாட்டுவாழ்வின் பொய்யையும் மெய்யையும் இரு சிறு பாக்களிற் காட்டுகின்றார். ஒன்றில் (3: 47) பாசசு என்பவன் கோசும் பூண்டுவகையும் முயலும் முட்டையும் ஏற்றிய வண்டியிற் செல்கின்றான். விளைபொருளோடு நகரத்துக்கு மீள்கின்றானோ என வினவின், இல்லை, தன் பண்ணைக்குச் செல்கின்றான் என்பது விடை. பண்ணை உணவு தருவதற்கு மாறாக, நகரம் பண்ணைக்கு உணவு தருகின்றது.

மற்றொன்றில் (12: 57) நொமெந்தத்திலுள்ள வறண்ட சிறு நிலத்தைத் தாம் அடிக்கடி நாடுதற்குரிய காரணத்தைக் கூறுகின்றார். காலையில் பள்ளியாசிரியரும் இரவில் அப்பம் சுடுவோரும் நாள்முழுதும் சம்மட்டியொலியும் எளியோரை உறங்கவிடுவதில்லை. செல்வனான இசுபார்சசுக்கோ நகரத்தினுள்ளேயே ஒரு நாட்டுப்புறம் உண்டு. மார்சியலுக்குப் பண்ணை என்பது உறங்கும் இடம், அவ்வளவே. ஊற்றும் காடும் இப்பாட்டில் இல்லை. கருப்பொருள் இன்றியும் உரிப்பொருள் தெளிவுற அமைந்தமையால் இப்பாட்டுச் சிறக்கின்றது.

6. முடிபு

அடிமை முறை நிலவிய காலத்துப் புலவரிடம் நம் காலத்து அறத்தை எதிர்பார்த்தல் முறையோ என வினவலாம். முறையன்றுதான். ஆனால் தாவசையும் காரியக்காரனையும் பாட்டினுள் கொணர்ந்தவர் நாமல்லோம்; கவிஞரே. தம் அமைதியைத் தாங்கி நிற்போரைக் கண்டும், அவர் சொல்லைத் தமக்கு எதிராகவே ஒலிக்கவிட்டும் பாடியமையால் ஓரேசின் பாக்கள் வருணனையினும் மேம்பட்டு நிற்கின்றன. அளவை வெளியினின்று கொணரப்பட்டதன்று, அவ்விலக்கியத்துள்ளேயே தோன்றியது.

ஆகவே நகரையடுத்த நாட்டுவாழ்வைப் பாடும் இலக்கியத்தை முல்லைப் பாட்டோடு ஒருங்குவைத்து எண்ணுதல் பொருந்தாது. முல்லையில் நிலமும் ஒழுக்கமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும். இவ்விலக்கியத்திலோ முதலும் கருவும் நாட்டுப்புறத்தன, உரி நகரத்தது. இம்மயக்கம் குற்றமன்று, இதனை மறைத்தலே குற்றம். நகரத்துக்குச் செல்லும் பாதையையும், தான் இல்லாத நாட்களில் நிலத்தைக் காப்போரின் கையையும், அங்கு வாழ்தற்குரிய பொருள் வந்த வழியையும் மறையாது காட்டும் நூல் இவ்வகையுட் சிறந்தது. பெருநகர்களின் புறத்தே நிலம் வாங்கிக் குடியேறுவோர் இன்று தமிழகத்திலும் உளர். அவர்தம் எழுத்துகளும் இனிப் பெருகக்கூடும். அவற்றை மதிப்பிடப் புகுவோர் மரங்களின் பெயரை எண்ணுதற்கு முன்னர், அவற்றுக்கு நீர் ஊற்றுவோன் அந்நூலிற் பேசுகின்றானா என்று நோக்குவாராக.