வாயில் காப்போரும் வழி பார்ப்போரும்

ஒரு நூலை அது உரத்துச் சொன்னதைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அது மெல்லச் சொல்லிக் கடந்து சென்ற இடத்தையும் கொண்டு அளத்தல் வேண்டும். ஹோவர்ட் ரைங்கோல்ட் 1993இல் வெளியிட்ட ‘தி வர்ச்சுவல் கம்யூனிட்டி’ என்னும் ஆங்கில நூலை அண்மையில் மீண்டும் வாசித்தபோது இவ்வுண்மையே நம் நெஞ்சில் நின்றது. முகம் காணாது கணிப்பொறி வழியே கூடும் மாந்தரைச் ‘சமூகம்’ என்று அழைக்கலாகுமா என்ற வினாவைப் பொதுமக்கள் முன் வைத்த முன்னோடி நூல் அது. முப்பது ஆண்டுகள் கடந்த இந்நாளில் அவ்வினாவை நாம் சற்றே திருப்பிக் கேட்க வேண்டியுள்ளது. தன் உறுப்பினரை விலக்கும்போதும், உறுப்பினர் தம்மையே அதில் தொலைக்கும்போதும், அக்கூட்டம் சமூகமாக நடந்துகொள்கிறதா?

நூலின் நடுவே நிற்பது ‘தி வெல்’ என்னும் குழுமம். 1985இல் ஸ்டூவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியன்ட் ஆகிய இருவரும் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவை அடுத்த சாசலிட்டோவில் அதனைத் தொடங்கினர். தொலைபேசிக் கம்பியில் மோடம் பொருத்தி, மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி, உறுப்பினர் அங்கே எழுத்தால் உரையாடினர். ஒவ்வோர் உரையாடல் அரங்குக்கும் விருந்தோம்புவார் ஒருவர் இருந்தார். வரம்பு மீறிய சொல்லை மறைக்கும் உரிமையும் அவரிடம் இருந்தது. இன்று மட்டுறுத்துநர் என நாம் அழைப்பவரின் முன்னோர் இவரே.

ரைங்கோல்ட் காட்டும் முதற்காட்சி எளிமையானது. 1986ஆம் ஆண்டின் கோடையில் அவருடைய இரண்டு வயது மகளின் தலையில் உண்ணி ஒன்று கடித்து ஒட்டிக்கொண்டது. தாய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டுக் காத்திருந்தார். தந்தையோ பெற்றோர் கூடும் அரங்கில் தம் கவலையை எழுதினார். மருத்துவரகத்திலிருந்து மறுமொழி வருமுன்னரே அரங்கிலிருந்து வழிமுறை வந்தது, உண்ணியும் அகற்றப்பட்டது. கண்டிராத மனிதர் கைகொடுத்த அந்த இரவின் நன்றியுணர்வே நூல் முழுவதையும் நடத்திச் செல்கிறது. அது பொய்யான உணர்வன்று. நூலின் வலிமையும் அதுவே.

ஆயினும் அந்நன்றியே ஆசிரியரின் கண்ணைச் சிறிது மறைத்தது என்று கருதுகிறோம். 1985 முதல் வாரத்தின் ஏழு நாள்களிலும், நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம் தாம் அங்கே செலவிட்டதாக அவரே எழுதுகிறார். மறைக்கவில்லை, அது போற்றத்தக்கது. ஆனால் அந்நேரத்தை அவர் ஈட்டிய நட்பின் கணக்கில் வரவாக வைக்கிறார். வீட்டின் கணக்கில் செலவாக எழுத அவருடைய பேனா விரைவதில்லை.

இதனினும் கனமான இடம் ஒன்று உண்டு. அக்குழுமத்தில் ஓயாது எழுதிவந்த ஒருவர், தாம் பல ஆண்டுகளாக எழுதியவை அனைத்தையும் ஒரு கருவியின் துணையால் ஒருசேர அழித்துவிட்டார். பிறரோடு அவர் நடத்திய உரையாடல்களில் ஆங்காங்கே பொத்தல்கள் மட்டுமே எஞ்சின. சில வாரங்களில் அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இதனை ரைங்கோல்ட் துயரத்தோடு பதிவு செய்கிறார். ஆனால் நூலின் ஓட்டம் அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. அவர் மறைவுக்கு இதுவே காரணம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எனினும், எழுதியவர் தம் சொற்களைத் தாமே விலக்கிக்கொண்டு போகையில் சமூகத்தின் கடமை யாது என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு. அவ்வினாவுக்கு நூலில் நிறைவான விடையை நாம் காணவில்லை.

கேட்டி ஹாஃப்னர் 2001இல் அதே குழுமத்தைப் பற்றி எழுதிய நூல் இக்குறையை ஓரளவு நிறைவு செய்கிறது. குழுமத்தை நடத்தியோருள் கிளிஃப் ஃபிகல்லோ, ஜான் கோட் ஆகிய இருவரும் டென்னசி மாநிலத்தின் ‘தி ஃபார்ம்’ என்னும் கூட்டுவாழ்வுக் குடியிருப்பில் வாழ்ந்து வந்தவர்கள். பேசித் தீர்ப்பதே அவர்கள் கற்ற பாடம். விலக்குவதற்குத் தயங்கினர். ஆயினும் கடுமொழியால் பலரைப் புண்படுத்திய ஒருவருக்கு இறுதியில் கதவடைக்க நேர்ந்தது. அதனை நாம் குறை கூறோம். காவலற்ற வாயிலால் முதலில் துன்புறுவோர் மெலியோரே. ஆனால் கதவடைப்பதோடு காவலின் கடமை முடிந்துவிடுமா?

இவ்விடத்தில் ஆறாம் நூற்றாண்டின் ஒழுங்குநூல் ஒன்று நினைவுக்கு வருகிறது. புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த சட்டமும் கண்டிப்பானதே. முதலில் மறைவாக இருமுறை அறிவுரை; பின்னர் அனைவர் முன்னும் கண்டனம்; திருந்தாவிடில் பந்தியிலிருந்து விலக்கு. ஆனால் அத்துடன் அவர் நிற்கவில்லை. விலக்கப்பட்டவர் துயரில் மூழ்கிவிடாதிருக்க, அறிவு முதிர்ந்த சகோதரரை அவரிடம் அமைதியாக அனுப்பித் தேற்றுமாறு மடத்தின் தலைவரைப் பணிக்கிறார். வெளியேறியவர் திருந்தி வந்தால் மூன்றாம் முறை வரையிலும் ஏற்கச் சொல்கிறார். வாயில் காப்போரை நியமித்தவர், வழி பார்ப்போரையும் நியமித்தார்.

இணையக் குழுமங்கள் இந்த இரண்டாம் பணியை அரிதாகவே கற்றன. மணிக்கணக்கிலான கட்டணம் பெரிதும் மறைந்தபின், உறுப்பினரை எழச்செய்த கடைசித் தடையும் நீங்கிற்று. 2007இல் தொடங்கிய ‘ஹாக்கர் நியூஸ்’ என்னும் தளத்தில், உறுப்பினர் தாமே விரும்பிப் பூட்டிக்கொள்ளும் ஓர் அமைப்பு உண்டு. வேறு அளவு குறிக்காவிடில், 20 நிமிடம் வாசித்தபின் 180 நிமிடம் கதவு திறவாது. தம் பலவீனத்தை ஒப்புக்கொண்டு தாமே இட்ட வேலி அது, அதனை மதிக்கிறோம். எனினும் பூட்டு நேரத்தை அளக்கும். நெஞ்சின் வெறுமையை அளக்காது. ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்றோ, ‘இன்று ஏன் இன்னும் உறங்கவில்லை?’ என்றோ கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

கடும் மட்டுறுத்தலையும் அளவற்ற பயன்பாட்டையும் இரு வேறு நோய்களாக எண்ணுதல் வழக்கம். அவை ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதே நம் துணிபு. அந்த ஓர் அரங்கையே தம் உலகாகக் கொண்டவருக்கு, நீக்கப்பட்ட ஒரு வரியும் நாடுகடத்தலாகவே தோன்றும். காரணம் கூறாது விலக்கப்பட்டவரோ, வேறு பெயர் பூண்டு நள்ளிரவிலும் அவ்வாயிலையே சுற்றி வருவார். வெளியில் உறவுடையவருக்குத் தண்டனை தாங்கத்தக்கது. தேடிவர ஆளுடையவருக்கு அது திருத்தமும் ஆகும்.

‘தி வெல்’ இன்னும் இருக்கிறது. 2012இல் அதன் உறுப்பினர் சிலரே ஒன்றுகூடி அதனை விலைகொடுத்து வாங்கினர். மனிதர் அங்கே கண்ட உறவு வெறும் மாயையன்று என்பதற்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை. ரைங்கோல்டின் நூலும் அவ்வகையில் காலத்தை வென்றுள்ளது. உண்ணி கடித்த குழந்தைக்காக விழித்திருந்த கூட்டத்தை அது நமக்குக் காட்டியது. தம் சொற்களை அழித்துவிட்டுப் போன மனிதருக்காக விழித்திருப்பது எவ்வாறு என்பதை மட்டும் அது நமக்கே விட்டுச் சென்றது.

இன்று நம் கைப்பேசிகளிலும் குழுக்கள் பல. ஒருவரை நீக்க ஒரு விரல் போதும். அது சில வேளைகளில் தேவையும் ஆகும். நீக்கிய அன்று மாலையே அவரது வீட்டுக் கதவைத் தட்ட நம்முள் எவர் செல்வார் என்பதை, விரலை உயர்த்துமுன் எண்ணிப் பார்ப்போமாக.