குடுவை யார் கையில்?

ஒரு இதயம், காத்திருப்பவர்கள் இருவர். ரத்த வகை இருவருக்கும் பொருந்துகிறது, அவசரமும் ஏறக்குறைய ஒன்றுதான். யாருக்கு? இந்தக் கேள்வியை மருத்துவத்தின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். பொருத்தம், அவசரம், காத்திருந்த காலம் என்று அளவுகோல்களை அடுக்கிவிட்டால் அறவியல் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அளவுகோல்கள் தீர்ந்துபோகிற இடத்தில்தான் அது தொடங்குகிறது. யூத மரபு அந்த இடத்தில் நின்றுகொண்டு நெடுங்காலமாகத் தன்னோடு தானே சண்டை போட்டுவருகிறது. உறுப்பு மாற்று சிகிச்சையைக் கனவிலும் அறியாத பிரதிகள்தாம் அவை. என்றாலும், இஸ்ரேல் 2008இல் இயற்றிய உறுப்பு மாற்றுச் சட்டத்தை அவற்றின் பக்கத்தில் வைத்து வாசித்தால், சட்டம் எதைப் பேசாமல் விடுகிறது என்பது தெரியவரும்.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் ஹோராயோத் பகுதியில் ஒரு வரிசை வருகிறது. உயிரைக் காப்பதில் பெண்ணுக்கு முன் ஆண். பிறகு ஆசாரியன், லேவியன், சாதாரண இஸ்ரவேலன், விலக்கப்பட்ட உறவில் பிறந்த மம்சேர், ஆலய ஊழியக் குடியைச் சேர்ந்த நெதின், மதம் மாறி வந்தவன், கடைசியில் விடுதலை பெற்ற அடிமை. பிறப்பால் அடுக்கப்பட்ட வரிசையை வாசிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிரதி அங்கே நிற்கவில்லை. மற்றதெல்லாம் சமமாக இருந்தால்தான் இந்த வரிசை என்கிறது. கற்றறிந்த மம்சேர், கல்லாத தலைமை ஆசாரியனை முந்துவான் என்று தன் அடுக்கைத் தானே கவிழ்க்கிறது. இதைப் படித்துவிட்டு 'ஆஹா, முற்போக்கு' என்று கைதட்ட எனக்கு மனசு வரவில்லை. பிறப்பு எழுந்துபோன நாற்காலியில் கல்வி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கல்விக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பெண்ணை இந்தக் கவிழ்ப்பு இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர்களான மோஷே ஃபைன்ஸ்டைனும் (1895–1986) ஷ்லோமோ சல்மான் அவுர்பாக்கும் (1910–1995) இந்த வரிசையை இன்று நடைமுறைப்படுத்துவது மிகக் கடினம் என்றார்கள். ரத்து செய்யவில்லை. மரபு தன்னைத் திருத்திக்கொள்ளும் விதம் பெரும்பாலும் இதுதான். அடித்து எழுதாது, ஓரமாக வைத்துவிடும்.

தல்மூத்தில் இதற்கு எதிரான குரல் ஒன்றும் உண்டு. ஊர்த் தலைவன் ஒருவனை அழைத்து, 'இன்னாரைக் கொல், இல்லையேல் நீ சாவாய்' என்கிறான். அவன் ரபா என்ற அறிஞரிடம் வந்து என்ன செய்வது என்று கேட்கிறான். உன் ரத்தம்தான் அதிகச் சிவப்பு என்று யார் கண்டது என்பது அவர் எழுப்பும் கேள்வியின் சாரம். உயிர்களை எடைபோடுகிற தராசையே அது பிடுங்கிக்கொள்கிறது. வரிசை போடும் பிரதியும் தராசைப் பிடுங்கும் பிரதியும் ஒரே மரபுக்குள் இருக்கின்றன. எது 'உண்மையான' யூத அறம் என்று கேட்பதில் பொருளில்லை. எந்த நேரத்தில் எது மேற்கோளாகிறது, யார் அதை எடுக்கிறார்கள் என்பதே கேட்க வேண்டியது.

பாவா மெட்சியா பகுதியில் வரும் குடுவைக் கதை இன்னும் கூர்மையானது. பாலைவனத்தில் இருவர் நடக்கிறார்கள். ஒருவன் கையில் மட்டும் தண்ணீர்க் குடுவை. பகிர்ந்து குடித்தால் இருவரும் சாவார்கள், ஒருவன் குடித்தால் அவன் ஊர்போய்ச் சேர்வான். இருவரும் குடித்துச் சாகட்டும், ஒருவன் சாவை மற்றவன் பார்க்கவேண்டாம் என்பது பென் பெதுராவின் நிலை. ரபி அகிவா வந்து, உன் உயிரே முந்தியது என்று தீர்க்கிறார். வென்றது அகிவாதான். ஆனால் அவருடைய தீர்ப்பு குடுவையைக் கையில் வைத்திருப்பவனுக்கு மட்டுமே பொருந்தும். உறுப்பு தானத்தில் காத்திருக்கும் இருவர் கையிலும் குடுவை இல்லை. மூன்றாவது ஒருவன் வைத்திருக்கிறான். அவன் பெயர் அரசு.

அந்த மூன்றாமவன் 2008இல் சொன்னது: கொடுக்கச் சம்மதித்தவருக்கு முன்னுரிமை. தானம் செய்த குடும்பத்தினர், பெறுபவரைக் குறிப்பிடாமல் உயிரோடிருக்கையில் தானம் செய்தவர், நன்கொடையாளர் அட்டையில் கையெழுத்திட்டவர், அவருடைய நெருங்கிய உறவினர் ஆகியோருக்கு மருத்துவ அளவுகோல்களோடு இந்த முன்னுரிமையும் சேர்கிறது. இதை முன்னெடுத்தவர் ஷீபா மருத்துவ மையத்தின் இதய மாற்று நிபுணர் ஜேக்கப் லவீ. இதயத்துக்குக் காத்திருந்த அதிதீவிர வைதீக யூதர் இருவர், தாங்கள் ஒருபோதும் உறுப்பு தரமாட்டோம் என்று சொன்னதிலிருந்து தனக்கு இந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நீ குடுக்கமாட்டே, ஆனா வாங்கிக்குவே, இது என்ன நியாயம்? நாக்கில் உடனே ஒட்டிக்கொள்கிற கேள்வி. நியாயமான கேள்வியும்கூட.

ஆனால் அவர்களுடைய மறுப்பைக் கஞ்சத்தனம் என்று வாசிப்பது அவசரம். அது மரணம் பற்றிய வேறொரு வாசிப்பு. மூளைச் சாவை இஸ்ரேலின் தலைமை ரபினேட் 1986இல் ஏற்றது. அவுர்பாக்கும் யோசெஃப் எல்யாஷிவும் ஏற்கவில்லை. துடிக்கும் இதயத்தை எடுப்பது அவர்கள் பார்வையில் கொலை. அப்படியானால், கொலையில் கிடைத்ததை வாங்குவது எப்படி? இந்தக் கேள்வியை அவர்கள் எதிர்கொண்டுதான் ஆகவேண்டும். ஆனால் சட்டம் அதைக் கேட்கவே இல்லை. அது கேட்டது ஒரு கையெழுத்து. கடைசியில் குடும்பத்தின் சம்மதம்தான் கேட்கப்படுகிறது என்பதால், கையெழுத்திட்டுவிட்டு வீட்டாரிடம் 'கொடுக்காதீர்கள்' என்று சொல்லிவைப்பவரும் முன்னுரிமையை இழப்பதில்லை.

எனக்கு உறுத்துவது உறவினர் என்ற சொல். அட்டைதாரரின் உறவினருக்கு அவர் எதுவுமே செய்யாமல் முன்னுரிமை கிடைக்கிறது. பெரிய குடும்பம் உள்ளவர் மேலே ஏறுகிறார். யாருமற்ற தனி ஆள் கீழே நிற்கிறார். மிஷ்னா ஒரு வாக்கியத்தில் கவிழ்த்த பிறப்பு, நவீனச் சட்டத்தின் உட்பிரிவு வழியாகத் திரும்ப நுழைந்துவிட்டது. சட்டத்துக்குப் பின் கையெழுத்துகள் கூடின, உயிர்கள் பிழைத்தன என்பதை மறுக்கமாட்டேன். கூடியதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

உயிரோடிருந்து சிறுநீரகம் தருபவர் கதை வேறு. குடுவை அவர் கையில்தான். 2009இல் ஜெருசலேமில் தொடங்கிய மத்னத் ஹாயிம் அமைப்பின் வழியே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்பின் தெரியாதவர்களுக்குச் சிறுநீரகம் கொடுத்திருக்கிறார்கள். மகத்தான காரியம். பெறுபவர் யூதராக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைக்கவும் அங்கே இடமுண்டு. ஓர் உயிரைக் காத்தவன் உலகையே காத்தவன் என்ற பொருள்படும் மிஷ்னா வாசகத்துக்குப் பாடபேதம் உண்டு. சில பிரதிகளில் 'இஸ்ரவேலின்' உயிர், சிலவற்றில் வெறும் உயிர். தமிழ் படித்தவர்களுக்குப் பாடபேதம் ஏட்டோடு முடிகிற சமாச்சாரம். இங்கே அது காத்திருப்போர் பட்டியலில் யார் பிழைப்பார் என்பதாகிறது.

2002இல் டெல் அவிவ் பேருந்து குண்டுவெடிப்பில் இறந்த யூத மாணவர் ஒருவரின் சிறுநீரகம் ஒரு பாலஸ்தீனச் சிறுமிக்குப் போனது. 2005இல் ஜெனினில் இஸ்ரேலிய ராணுவத்தால் சுடப்பட்டு இறந்த பாலஸ்தீனச் சிறுவனின் உறுப்புகளைப் பெற்றோர் இஸ்ரேலியர்களுக்குக் கொடுத்தார்கள். பெற்றவர்களில் யூதரும் அரபியரும் ட்ரூஸ் இனத்தவரும் உண்டு. சுட்டவர்களை இது மன்னித்துவிட்டதாக வாசிப்பது அயோக்கியத்தனம். அந்தப் பெற்றோர் வரிசை போட மறுத்தார்கள். அதை மட்டும் வாசித்தால் போதும்.

என் நிலை இது: பொருத்தம், தேவை, காத்திருந்த காலம், அதற்கு மேலும் சமமென்றால் குலுக்கல். தகுதி என்ற சொல்லை, அது 'கொடுக்கும் குணம்' என்ற நல்ல வேஷத்தில் வந்தாலும், மருத்துவமனை வாசலிலேயே நிறுத்தவேண்டும். தல்மூத் தோற்றுப்போன பென் பெதுராவின் குரலை அழிக்காமல் வைத்திருக்கிறது. அவர் சொன்னபடி யாரும் நடக்கமுடியாது என்று தெரிந்தும் வைத்திருக்கிறது. ஒருவருக்கு இதயம் கிடைத்த நாளில் இன்னொருவர் சாகிறார் என்பதைத் தீர்ப்பு வந்தபிறகும் மறக்கவிடாமல் செய்கிறது அந்தக் குரல். 2008 சட்டத்தில் அதற்கு ஒரு ஓரம்கூட ஒதுக்கப்படவில்லை.