முப்பத்தேழு டிகிரியும் எமரால்டின் குழாயும்

நீலகிரி மலையில் உள்ள எமரால்டு அணையின் நீர் குந்தா மின்நிலையத்துக்குப் போகிறது. குன்னூரின் குடிநீருக்கும் போகிறது. நீர் ஓடும் குழாயின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் வாழ்வதுதான் உயிர்ப்படலம். அதன் உள்ளே குளோரின் எளிதில் எட்டாது. எனவே எந்தப் பாக்டீரியா எவ்வளவு படலம் கட்டும் என்று ஆய்வகத்தில் அளந்தாக வேண்டும். அளக்கும் முறைதான் என் கேள்வி.

பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது இது: 96 குழி பாலிஸ்டைரீன் தட்டில் சத்து மிகுந்த ஊடகம் ஊற்றி, 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் அசையாமல் வைக்கிறார்கள். பிறகு கழுவி, கிரிஸ்டல் வயலட் சாயமேற்றி நிறத்தின் அடர்த்தியை அளக்கிறார்கள். இந்த வழக்கத்துக்கு 1985-இல் கிறிஸ்டென்சன் குழு வெளியிட்ட தட்டு முறை முக்கிய வேர். அவர்கள் ஆராய்ந்தவை, உடலுக்குள் வைக்கும் மருத்துவச் சாதனங்களில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டெஃபைலோகாக்கஸ்கள். உடலுக்கு 37 டிகிரி சரி. மலை நீருக்கு?

ஈ. கோலையைப் பாருங்கள். ஒட்டுவதற்கு அது பயன்படுத்தும் 'கர்லி' இழைகளைப் பல வகைகள் 30 டிகிரிக்குக் கீழே, உப்பு குறைந்த சூழலில்தான் நன்றாக உருவாக்குகின்றன. இன்குபேட்டரில் படலமே கட்டாத வகை, குளிர்ந்த நீரில் கட்டக்கூடும். ஊடகத்தில் சேரும் குளுக்கோஸ் இன்னும் பெரிய சிக்கல். ஸ்டெஃபைலோகாக்கஸ் பலவற்றில் அது படலத்தைக் கூட்டுகிறது, ஈ. கோலையில் குறைக்கிறது. ஒரே ஊடகத்தில் இரண்டையும் வளர்த்து 'இது வலுவானது, அது பலவீனமானது' என்று முத்திரை குத்துவது எனக்கு ஏற்புடையதல்ல. சாயமோ செத்த செல்லையும் பசையையும் சேர்த்தே பிடிக்கும். கழுவும் கை மாறினாலும் எண் மாறும்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. அதே 1985-இல் ரீசனரும் கெல்ட்ரைக்கும் குடிநீர்ப் பாக்டீரியாக்களுக்காகவே சத்து குறைந்த ஆர்2ஏ ஊடகத்தை வெளியிட்டார்கள். குறைந்த வெப்பத்தில், பல நாள் காத்திருந்து எண்ணும் முறை அது. உண்மையான நீரிலேயே சோதிப்பதும் உண்டு: கல்பாக்கத்தில் கடல்நீரிலேயே உலோகத் துண்டுகளை ஊறவைத்துப் படலத்தை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, ஒரே சூழலில் பல மரபணுத் திரிபுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தட்டு முறை நல்ல கருவி, மலிவு, வேகம். அதன் எண்ணைக் கொண்டு எமரால்டுக் குழாயைப் பற்றித் தீர்ப்பு சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஏற்க வேண்டுமானால் அதே பாக்டீரியாக்களை அணை நீரிலேயே, அதன் வெப்பநிலையில், குழாய் செய்த பொருளின் துண்டுகள்மேல், நீரை ஓடவிட்டு வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். இரண்டு சோதனையிலும் படலம் கட்டும் திறனின் வரிசை ஒன்றாகவே வந்தால், முதல்கட்டச் சலித்தெடுப்புக்குத் தட்டு போதும்.