குலுக்கல் சரி, செல்பேசி எண் எதற்கு?

ஜப்பானில் பெரிய பாப் கச்சேரி டிக்கெட் என்றால் பெரும்பாலும் குலுக்கல்தான். சில நாட்கள் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு பிறகு குலுக்குகிறார்கள். ரசிகர் மன்றத்துக்கு முதல் சுற்று, மிச்சம் இருந்தால் பொது விற்பனை. முந்திக்கொண்டு க்ளிக் செய்கிறவருக்குச் சலுகை இல்லை, சர்வரும் படுக்காது. மென்பொருள்காரனாகச் சொல்கிறேன், நல்ல வடிவமைப்பு.

கள்ள மறுவிற்பனைக்கு எதிரான சட்டமும் 2019 ஜூன் 14 முதல் அமலில் இருக்கிறது. அதன்கீழ் வரும் டிக்கெட்டைத் தொழிலாகக் கூடுதல் விலைக்கு விற்றால் ஓராண்டு வரை சிறை, 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம் எங்கே இடிக்கிறது? ஆளை உறுதிசெய்யும் இடத்தில். பல தளங்கள் கேட்பது ஜப்பானிய செல்பேசி எண். போன வருடம் பெயரைக் கதகானாவில் எழுதி, எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, குறுஞ்செய்திக் குறியீட்டில் வந்து நின்றேன். சுற்றுலா சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான். குலுக்கலில் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். நான் குலுக்கலுக்குள்ளேயே போகலையே!

விளைவு என்ன? யாரை ஒழிக்கச் சட்டம் வந்ததோ, அவரிடமே வெளிநாட்டு ரசிகர் போய் நிற்கிறார். வாசலில் பெயர் சரிபார்த்தால் அந்தப் பணமும் போச்சு.

வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்க்கலாம் என்றால், அதே எண்ணை விண்ணப்பத்திலேயே வாங்கலாமே? ஒரு ஆளுக்கு ஒரு விண்ணப்பம் என்பதற்கு அது போதும். சில நிகழ்ச்சிகளில் வெளிநாட்டவருக்குத் தனி விற்பனை உண்டு. அது விதிவிலக்காகவே இருப்பதுதான் என் குறை.